ரயில் ஏற்றுவதற்கு முன் ஒரு வாசல் இருக்கிறது

2022 மே 6 காலை. டெல்லி ஜனக்புரியில் பா.ஜ.க. பிரமுகர் தஜிந்தர் பால் சிங் பக்காவின் வீட்டுக்குள் பஞ்சாப் போலீஸ் நுழைந்தது. அவரைக் கைது செய்து வண்டியில் ஏற்றி மொஹாலிக்குக் கிளம்பியது. தந்தை புகார் கொடுத்தார். டெல்லி போலீஸ் அதை ஆள்கடத்தல் வழக்காகவே பதிவு செய்துகொண்டது. பஞ்சாப் வண்டிகளைக் குருக்ஷேத்திரத்தில் ஹரியானா போலீஸ் மறித்தது. பின்னாலேயே போன டெல்லி போலீஸ் ஆளைத் திரும்பக் கூட்டிவந்தது. மறுநாள் விடிவதற்குள் பக்கா வீடு வந்து சேர்ந்துவிட்டார். முறைப்படி தகவல் சொன்னோம் என்றது பஞ்சாப்; சொல்லவே இல்லை என்றது டெல்லி.

பஞ்சாபில் ஆம் ஆத்மி ஆட்சி. ஹரியானாவிலும், டெல்லி போலீஸைக் கையில் வைத்திருக்கும் மத்தியிலும் பா.ஜ.க. ஆட்சி. அதனால்தான் நெடுஞ்சாலையில் அந்தக் காட்சி நடந்தது. நாமக்கல்லில் ஒரு லாரி டிரைவரை இப்படி அழைத்துப்போனால் எந்த மாநில போலீசும் வண்டியை மறிக்காது. அவருக்கென்று இருப்பவை சட்டத்தில் எழுதிவைத்த சில பிரிவுகளும், அவற்றைப் பதறாமல் கேட்டு வாங்கத் தெரிந்த ஒரு மச்சானோ தங்கையோதான்.

வெளிமாநில போலீஸ் தமிழ்நாட்டு வீட்டுக் கதவைத் தட்டுவதற்குப் பெரிய குற்றம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு கல்லூரிப் பையன் யாருக்கோ கொடுத்த வங்கிக் கணக்கில் மோசடிப் பணம் வந்து போயிருக்கும். பனியன் வியாபாரி கொடுத்த செக் லூதியானாவில் திரும்பியிருக்கும். மருமகள் ராஜஸ்தானில் வரதட்சணைப் புகார் கொடுத்திருப்பார். ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போனவரின் பெயர் ஆந்திர வனத்துறையின் செம்மர வழக்கில் ஏறியிருக்கும்.

லாரி டிரைவரையே எடுத்துக்கொள்வோம். நாமக்கல் வழியாகப் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் நாக்பூர் வழியாகவும் போகிறது. நாக்பூர் அருகே ஒரு விபத்து, ஒரு மரணம். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்துவிடுகிறது. ஓனர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி இவர் ஊருக்கு வந்துவிடுகிறார். பிறகு வேறு ஓனரிடம் வேலை, வேறு வாடகை வீடு. சம்மன் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்புகிறது. வாய்தாவுக்கு ஆள் வரவில்லை என்று நாக்பூர் கோர்ட் பிடிவாரண்ட் போடுகிறது. வாரண்டுக்குக் காலாவதி கிடையாது. போட்ட கோர்ட்டே அதை ரத்து செய்ய வேண்டும், அல்லது ஆளைப் பிடித்து அது நிறைவேற வேண்டும். அதுவரை உயிரோடு இருக்கும். நான்கு வருடம் கழித்து ஒரு காலையில் உள்ளூர் கான்ஸ்டபிளோடு மஃப்டியில் இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள்.

அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, தெரிந்த கட்சிக்காரருக்குப் போன் போடுவது. இன்னொன்று, அடுத்த ரயிலைப் பிடித்து நாக்பூருக்குக் கிளம்புவது. இரண்டிலும் கைநழுவிப் போவது உள்ளூரில் கிடைக்கிற முதல் நாள். தன் சொந்த ஊரில், தன் மொழியில், தனக்குத் தெரிந்த வக்கீலை வைத்து அவர் பேச முடிகிற நாள் அது ஒன்றே. அடுத்த நாள் எல்லாமே மராத்தியில் நடக்கும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. "சார், வாரண்டா, எஃப்.ஐ.ஆரா?" இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

வாரண்ட் என்றால் அது ஒரு கோர்ட்டின் ஆணை. இந்தியாவின் எந்த மூலையிலும் செல்லும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், காட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் எந்த ஊர் கோர்ட், வழக்கு எண் என்ன, எந்தப் பிரிவு, யார் பெயர், தகப்பன் பெயர், விலாசம் என்பதெல்லாம் இருக்கும். முத்திரையும் கையெழுத்தும் இருக்கும். முடிந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். விடவில்லை என்றால் எண்களை மட்டுமாவது ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வெளி எல்லைக்கு வாரண்டோடு வருகிற போலீஸ்காரர் சாதாரணமாக உள்ளூர் நிர்வாக நடுவரிடமோ ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியிடமோ அதன்மேல் கையொப்பம் வாங்க வேண்டும். அந்தத் தாமதத்தில் ஆள் தப்பிவிடுவார் என்றால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. இந்த விஷயத்தில் எண்கள் மாறினவே தவிர அடிப்படை மாறவில்லை. அதன் 82, 83 பிரிவுகளை வெளிமாநில வாரண்டில் சிக்கியவரின் குடும்பம் மனப்பாடமே செய்துகொள்ளலாம். வாரண்ட் போட்ட கோர்ட் கைதான இடத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருந்தால் நேரே அங்கே கொண்டுபோகலாம். இல்லையென்றால், சில விலக்குகள் தவிர, கைதான இடத்தின் நிர்வாக நடுவர், எஸ்.பி., அல்லது கமிஷனர் முன் நிறுத்தியாக வேண்டும். இவர்தான் வாரண்டில் சொன்ன ஆளா என்று அவர் பார்ப்பார். ஒரே பெயர், ஒரே ஊர் என்று ஆள் மாறிப் பிடிபட்டிருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். ஆதார், பள்ளிச் சான்றிதழ், டிரைவிங் லைசென்ஸ், தகப்பனாரின் பெயர் தெரிகிற எந்தக் காகிதமானாலும் கையில் இருக்க வேண்டும். விபத்து நடந்த அன்று அவர் வேறு எங்கோ வேலையில் இருந்தார் என்று காட்டும் வருகைப் பதிவேடு இருந்தால் இன்னும் நல்லது.

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால், ஜாமீன் கொடுக்கத் தயாராக இருப்பவரிடம் அங்கேயே பத்திரம் வாங்கிக்கொண்டு விட வேண்டும் என்கிறது 83-ஆம் பிரிவு. பத்திரத்தை நாக்பூருக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் பிறகு தானே போய் ஆஜராகலாம். ஜாமீனில் விட முடியாத குற்றமானால் அந்த மாவட்டத்தின் தலைமைக் குற்றவியல் நடுவரும் செஷன்ஸ் நீதிபதியும் ஆவணங்களைப் பார்த்து ஜாமீன் தரலாம். தந்தே ஆக வேண்டும் என்றில்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதும், செக் திரும்புவதும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். ஆனால் வாய்தாவுக்குப் போகாததால் வந்த வாரண்டின் தலைப்பில் 'ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட்' என்று இருக்கும். அதைப் பார்த்ததுமே பலர் கையை விரித்துவிடுகிறார்கள். 83-ஆம் பிரிவு பேசுவது குற்றத்தின் தன்மையைப் பற்றி. வாரண்டின் தலைப்பைப் பற்றி அல்ல. நல்ல வக்கீல் பிடித்துக்கொள்ளும் நூல் இது.

எஃப்.ஐ.ஆர். மட்டும்தான், வாரண்ட் இல்லை என்றால் கதை வேறு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது. உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி, வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோக அனுமதி வாங்குவதைத்தான் 'டிரான்சிட் ரிமாண்ட்' என்கிறார்கள். வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லாத மாஜிஸ்திரேட்டும் குறுகிய காவலுக்கு உத்தரவிடச் சட்டம் இடம் தருகிறது. அதன்மேல்தான் இந்த வழக்கம் நிற்கிறது.

மாஜிஸ்திரேட் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்பிவிடக் கூடாது என்பதற்குப் பெரிய உதாரணம் 2018-இல் கிடைத்தது. ஆகஸ்ட் 28 அன்று புனே போலீஸ் டெல்லியில் மனித உரிமை ஆர்வலர் கௌதம் நவ்லாகாவைக் கைது செய்து டிரான்சிட் ரிமாண்ட் வாங்கியது. ஆவணங்கள் மராத்தியில் இருந்தன. டெல்லி மாஜிஸ்திரேட் எதைப் படித்துப் புரிந்துகொண்டு உத்தரவு போட்டார் என்பதே உயர் நீதிமன்றத்தில் கேள்வியானது. கேஸ் டைரியும் அவர்முன் வைக்கப்படவில்லை. அக்டோபர் 1 அன்று நீதிபதிகள் எஸ்.முரளிதர், வினோத் கோயல் அமர்வு அந்த ரிமாண்டை ரத்து செய்தது. வழக்கு அதோடு முடியவில்லை. 2020-இல் அவர் சரணடைய வேண்டியிருந்தது. ஆனாலும் தெலுங்கிலோ இந்தியிலோ எழுதிய எஃப்.ஐ.ஆரைத் தமிழ்நாட்டு கோர்ட்டில் நீட்டும்போது, "மொழிபெயர்ப்பு எங்கே?" என்று கேட்க இந்தத் தீர்ப்பு தைரியம் தருகிறது.

உள்ளூர் மாஜிஸ்திரேட் என்ற அந்த வாசலையே தாண்டிப் போனதும் உண்டு. 2021 பிப்ரவரி 13 அன்று சூழலியல் ஆர்வலர் திஷா ரவியை டெல்லி போலீஸ் பெங்களூருவில் கைது செய்து, அங்குள்ள மாஜிஸ்திரேட் யாரிடமும் நிறுத்தாமல் டெல்லிக்குக் கொண்டுபோனது. மறுநாள் டெல்லி கோர்ட் 5 நாள் போலீஸ் காவல் கொடுத்தது. ஜாமீன் 23-ஆம் தேதிதான் கிடைத்தது. அதே வழக்கில் தேடப்பட்ட மும்பை வக்கீல் ஒருவர் கைதாவதற்கு முன்பே பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். டெல்லி கோர்ட்டை அணுகுவதற்காக 3 வாரப் பாதுகாப்பு அவருக்குக் கிடைத்தது.

இந்தப் பாதுகாப்புக்கு வக்கீல்கள் வைத்திருக்கும் பெயர் 'டிரான்சிட் முன்ஜாமீன்'. வெளிமாநில எஃப்.ஐ.ஆருக்கு இங்குள்ள கோர்ட் முன்ஜாமீன் தரலாமா என்பதில் உயர் நீதிமன்றங்களுக்குள் நெடுங்காலம் ஒத்த கருத்து இல்லை. 2023 நவம்பர் 20 அன்று நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, உஜ்ஜல் புயான் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அதைத் தீர்த்துவைத்தது. செஷன்ஸ் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் குறுகிய காலத்துக்குத் தரலாம்; ஆனால் வழக்குப் பதிவான ஊரின் விசாரணை அதிகாரிக்கும் அரசு வக்கீலுக்கும் நோட்டீஸ் போக வேண்டும், அங்கே உடனே போக முடியாததற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும், மனுதாரருக்கும் இந்த ஊருக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். விமான டிக்கெட் எடுத்து வசதியான ஊரில் மனுப் போடும் வேலை செல்லாது. வெளிமாநிலத்தில் வழக்கு இருக்கிறது என்று காதில் விழுந்த உடனே செய்ய வேண்டிய காரியம் இது. பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், அந்த மாநில போலீஸ் தளத்தில் தேடிப் பார்க்கலாம். பழைய வழக்கென்றால் இ-கோர்ட்ஸ் செயலியில் பெயரைப் போட்டுப் பார்த்தால் வாரண்ட் நிலுவையில் இருப்பது வரை தெரியவரலாம்.

மறுபடி டிரைவர் வீட்டு வாசலுக்கு வருவோம். போலீஸ் ஆளைக் கூட்டிப்போய்விட்டது. மனைவி கேட்கிறார்: "எங்க சார் கூட்டிட்டுப் போறீங்க?" "ஸ்டேஷனுக்குத்தாம்மா, விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்." இந்தப் பதிலோடு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. கைது என்றால் கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்பான ஒருவரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். தேதியும் நேரமும் இருக்க வேண்டும். 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. அந்த நேரத்தைச் சரிபார்ப்பது முக்கியம். காலை 7 மணிக்குக் கூட்டிப்போன ஆளை மாலை 5 மணிக்குக் கைது செய்ததாக எழுதினால் 24 மணி நேரக் கணக்கே மாறிவிடும். வீட்டு வாசலிலோ எதிர்க்கடையிலோ கேமரா இருந்தால் அந்தப் பதிவை அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும். சில நாளில் தானே அழிந்துபோகும்.

எதற்காகக் கைது என்ற காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து சொல்லி வந்தது. 2025 நவம்பர் தீர்ப்பு ஒன்றில் இன்னும் தெளிவாக்கியது: எந்தக் குற்றமானாலும் சரி, கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும், அப்போதே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன்பாவது தர வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம் இந்தியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், அதை ரிமாண்டின்போது வக்கீல் சொல்லாவிட்டால் பிறகு யாரும் சொல்லப்போவதில்லை.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால்? ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைதானவர்களின் விவரத்தை வைத்திருக்க ஓர் அதிகாரி நியமிக்கப்பட வேண்டும் என்பது இப்போதைய சட்டம். உள்ளூர் ஸ்டேஷனிலும் எஸ்.பி. அலுவலகத்திலும் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்க வேண்டும். எதற்கும் பதில் இல்லையென்றால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு. கையில் காசு இல்லை என்பதற்காக வக்கீல் இல்லாமல் நிற்க வேண்டியதில்லை. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி அவரது உரிமை. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். இந்த எண் நாடு முழுக்க ஒன்றே என்பதால் நாக்பூரில் வக்கீல் தேடவும் உதவும்.

போலீஸை மறித்து நிற்பது, கைபேசியிலிருந்து எதையாவது அழிப்பது, 'நான் பேசி முடிச்சுத் தர்றேன்' என்று வருகிற ஆளிடம் பணம் கொடுப்பது மூன்றும் புது வழக்கைக் கொண்டுவரும். அதைவிட, போகிறவரின் பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. சர்க்கரை மாத்திரை, டாக்டர் சீட்டு, கண்ணாடி, ஒரு போர்வை. செல்போன் அவர் கையில் இருக்காது. அதனால் வீட்டு எண்ணும் வக்கீல் எண்ணும் ஒரு துண்டுத் தாளில் சட்டைப்பையில் இருக்கட்டும். கூட்டிப்போகும் அதிகாரியின் பெயர், ஸ்டேஷன், எந்த ரயில் என்பதை இங்கேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். அங்குள்ள வக்கீல் கோர்ட் வாசலில் காத்திருக்க அந்த ரயிலின் நேரம் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குள் போன் ஒன்று வரலாம். "உங்க மகனை மும்பை போலீஸ் பிடிச்சிருக்கு, வீடியோ கால்ல வாங்க, பணம் கட்டினா வாரண்டை நிறுத்திடலாம்." இது கைதே அல்ல, கொள்ளை. இந்தியச் சட்டத்தில் வீடியோ காலில் கைது செய்யும் முறை கிடையாது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். விசாரணைக்கு வரச்சொல்லும் நோட்டீஸையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உண்மையான ஸ்டேஷனிலிருந்து அப்படி ஒன்று வந்தால் அலட்சியம் செய்யாமல் வக்கீலிடம் காட்டுவது புத்திசாலித்தனம்.

நாக்பூரில் ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாதிக் குடும்பங்கள் உடைந்துபோவது இதற்கப்புறம்தான். ஜாமீன் உத்தரவு கையில் இருக்கும், ஆள் சிறையில் இருப்பார். உள்ளூரில் சொத்துள்ள ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். நாக்பூரில் நமக்கு யார்?

1978-இல் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்து கொத்தனார் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். சகோதரர் ஜாமீனுக்கு நின்றால் அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். மலையாளியோ கன்னடக்காரரோ தமிழரோ ஆந்திரக்காரரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். சொந்தப் பிணைப்பத்திரத்திலேயே விடலாம் என்றார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகியும் கீழ் கோர்ட்டுகளின் பழக்கம் முழுதாக மாறவில்லை என்பது, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் திரும்பவும் சொல்ல வேண்டிவந்ததிலிருந்தே தெரிகிறது. உள்ளூர் ஜாமீன் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்தினால் அதை விதிக்காமல் இருக்கலாம். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். உத்தரவு கிடைத்து 7 நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பல மாநிலங்களில் 13 வழக்குகளில் சிக்கிய ஒருவர், எல்லாவற்றிலும் ஜாமீன் கிடைத்தும் அத்தனை ஜாமீன்தாரர்களுக்கு வழியில்லாமல் உள்ளே கிடந்தார். மாநிலத்துக்கு ஒரு ஜோடி ஜாமீன்தாரர்கள் போதும் என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் பொள்ளாச்சிக்காரரான நீதிபதி கே.வி.விஸ்வநாதன். கிரிமினல் வழக்கென்றால் ஜாமீனுக்கு நிற்கும் சொந்தபந்தம் சுருங்கிப்போகும் என்பதை அவர் ஒளிக்காமல் எழுதினார்.

ஆகவே ஊரிலிருந்து கிளம்பும்போதே தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று, பட்டா நகல், சொத்துவரி ரசீது, ஜாமீன்தாரரின் ஆதார் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்தால் இன்னும் சுலபம். அங்கே கோர்ட் வாசலில் வாடகை ஜாமீன்தாரர்கள் கிடைப்பார்கள். போலிப் பத்திரம் என்று தெரிந்தால் ஜாமீனும் போய் வழக்கு இரண்டாகும்.

வெளியே வந்த பிறகு வாய்தாதான் பெரிய பாடு. ஒவ்வொரு தேதிக்கும் நாமக்கல்லிலிருந்து போய்வருவதில் டிரைவரின் வருமானம் கரைந்துவிடும். நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு கேட்டு வக்கீல் மனுப் போடலாம்; கோர்ட் கூப்பிடும் நாளில் மட்டும் போனால் போதும். விபத்து போன்ற வழக்குகளில் இந்த மனுவுக்கு நல்ல பலன் உண்டு. கூடவே இன்னொரு சின்ன வேலை இருக்கிறது, பலர் மறந்துபோவது. பழைய வாரண்டை கோர்ட் ரத்து செய்த உத்தரவு ஸ்டேஷன் பதிவேட்டுக்குப் போய்ச் சேரத் தாமதமாகலாம். அதன் சான்றிட்ட நகலை வாங்கி, ஒன்றை உள்ளூர் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, இன்னொன்றை லாரியில் ஆர்.சி. புக்கோடு வைத்துக்கொள்வது நல்லது.